மூடினால் சேரும் முகங்கள்

தொண்ணூறுகளின் பிற்பகுதி. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன டி.டி.பி. சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், நான். கரண்ட் போனால் மூவரும் சும்மா உட்கார்ந்திருப்போம். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

ஒருநாள் கல்வராயன் மலையிலிருந்து மகளிர் குழு அக்காக்கள் வந்தார்கள். மலை ஊர்களுக்கு பஸ் கேட்டு ஓர் அறிக்கை அச்சிட வேண்டுமாம். பிரசவ வலி வந்தால் கரியாலூர் ஆஸ்பத்திரி வரை தூளி கட்டித்தான் தூக்கி வருகிறோம் என்றார்கள். அதைக் கேட்டபின் அது என் சொந்த வேலையாகிவிட்டது.

ஊருக்கு ஒரு பக்கம். மேலே குழுத் தலைவியின் படம், கீழே ஊர் நிலைமை. அழகாக வந்திருக்கிறதென்று எனக்கே பெருமை. புரூஃப் பார்க்க வந்த ஓர் அக்கா (மேலூர் அக்கா என்று வைத்துக்கொள்வோம்) நடுப்பக்கத்தைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"இன்னா பாப்பா இது? மூடினா அவ மூஞ்சி எம் மூஞ்சி மேல ஒட்டிக்கினு கெடக்குது. எங்க ஊரே வாணாம், எடுத்துடு."

எதிர்ப்பக்கப் படத்தில் இருந்தவர் பக்கத்து ஊர்த் தலைவி, கீழூர் அக்கா. மாடு பயிரை மேய்ந்த தகராறில் இருவருக்கும் வருஷக்கணக்காகப் பேச்சு கிடையாது. சரியென்று ஒரே தாளின் முன்னும் பின்னுமாக மாற்றினேன்.

"அவ முதுகுலயா நானு? எங்க ஊரையும் எடுத்துடு" என்றார் அடுத்து புரூஃப் பார்க்க வந்த கீழூர் அக்கா.

ஓர் ஊர் விலகினாலும் அந்தத் தடத்தில் பஸ் வராது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் நடுப்பக்கம் இரண்டையும் ஒன்றாக்கி, மடிப்பைத் தாண்டிப் போகும்படி மலைப்பாதையை வரைந்தேன். ஒருவர் படம் இடப்பக்க மேல்மூலையில், மற்றவர் படம் வலப்பக்கக் கீழ்மூலையில். மூடினாலும் முகங்கள் சேராது.

மேலூர் அக்கா பாதைமேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். கீழூரில் விரல் நின்றுவிட்டது.

"எம் மருமவள தூக்கினு போவச்சொல்ல இங்கதான் வலி ஜாஸ்தியாச்சு. இவ வூட்டுக் கட்டில்லதான் எம் பேரன் பொறந்தான். அன்னைக்கும் நாங்க ஒரு வார்த்த பேசிக்கல."

பக்கத்தை ஒருமுறை மூடித் திறந்தார்.

"மொதல்ல போட்ட மாதிரியே எதுர எதுர போடு பாப்பா. ஒட்டினா ஒட்டட்டும்."

பஸ் தாமதமாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. இன்று கேட்ட மாதிரியெல்லாம் பக்கங்களை கம்ப்யூட்டரே அமைத்துத் தருகிறது. ஆனாலும் எந்த அறிக்கையையும் அச்சுக்கு அனுப்புமுன் ஒருமுறை மூடிப் பார்க்கிறேன், யார் முகம் யார் முகத்தோடு சேர்கிறதென்று.