காந்திபுரத்துத் தேனீ

நேற்று தடுப்பூசி போட்ட அரை மணி நேரத்தில் எங்கள் நாய் ராணிக்கு முகமெல்லாம் வீங்கி மூச்சுத் திணறியது. எப்படியோ பிழைத்துக்கொண்டாள்.

இன்று காந்திபுரத்தில் ஊசி போட்ட அதே டாக்டரிடம் போனேன். "இதை எழுதி மருந்து கம்பெனிக்கு அனுப்புங்க டாக்டர்."

"ஏனுங்க, ஊசியால எல்லாம் இப்படி ஆகாதுங்க. தேனீ கொட்டியிருக்குமுங்க."

ராணியின் தடுப்பூசி அட்டையிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார்.

வெளியே ஓர் அம்மா மடியில் நாய்க்குட்டியோடு உட்கார்ந்திருந்தார். "இதோட அண்ணன் போன வாரம் ஊசி போட்ட அன்னைக்கே செத்துப்போச்சுங்க. தேனீ கொட்டிருச்சாமுங்க."

செத்துப்போன குட்டியின் அட்டையும் அவர் பையில் இருந்தது; வாங்கிப் பார்த்தேன். ராணிக்குப் போட்ட அதே மருந்து, அதே பேட்ச் எண், அதே கையெழுத்தில் அதே தேனீ.

கோவையில் வேறு யார் வீட்டு நாய்க்காவது ஊசி போட்ட அன்றே தேனீ கொட்டியதா? அட்டையைப் படமெடுத்து இந்தப் பதிவின் கீழே போடுங்கள். தேனீக்களையாவது நாமே எண்ணிவிடுவோம்.