எங்கள் வாசலில் தொங்கிய பலகை

சபையில் சாட்சி சொல்ல எழுந்தால் முதலில் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அந்த வரிசையில் வராது. முதலில் என் பயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஸ்தோத்திரம் பின்னாலேயே வரும்.

அறுபத்தைந்தாம் வருஷத் தொடக்கம். மலைநாட்டுக் குளிரில், பட்டிப்பொல ஸ்டேஷனுக்கு மேலே, தகரக் கூரை போட்ட சொந்த வீட்டில் நாங்கள் இருந்தோம். என் வீட்டுக்காரர் ஞானமுத்து தையல்காரர். ஒரே பிள்ளை ரூபி, ஆறு வயது. அவளுக்கு இழுப்பு. பனி இறங்கினால் போதும், நெஞ்சுக்குள் விசில் கேட்கும், உதடு நீலம் பாயும். நுவரெலியாவில் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார், இன்னொரு குளிரைப் பிள்ளை தாங்க மாட்டாள், சூடான ஊருக்குப் போங்கள் என்று.

மாத்தளையில் என் நாத்தனார் ஒரு சின்ன வீடு பார்த்து வைத்தார். அந்த வீட்டின் சொந்தக்காரர் மார்ச் மாதம் முடியும் வரை பொறுப்பதாகச் சொன்னார். எங்கள் வீடு விலைபோனால்தான் அது எங்களுக்குக் கிடைக்கும்.

தரகர் ஒருவர் வந்தார். சுவரைத் தட்டினார், கூரையைப் பார்த்து உச்சுக் கொட்டினார். ரூபி இருமுவதைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"வீடு பாக்க ஆள் வாறப்ப இந்தப் பிள்ளைய வேற எங்கயாச்சும் அனுப்பிருங்கம்மா. நோய் பிடிச்ச வீடுன்னு சொல்லிருவாங்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "எம் பிள்ளைய ஒளிச்சு வச்சுத்தான் வீட்ட விக்கணும்னா, நீங்க தேத்தண்ணியக் குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்றேன். அவர் தேத்தண்ணியைக்கூடக் குடிக்கவில்லை.

"நல்லா வெரட்டிட்ட. இனி நீயே வித்துக் குடு" என்றார் என் வீட்டுக்காரர்.

கேலியாகச் சொன்னாலும், வீடு விலைக்கு என்று அறிவிக்க ஒரு பலகை எழுதியது அவர்தான். நாங்கள் இருவரும் சிங்களம் நன்றாகப் பேசுவோம், ஒரு எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது. வாங்க வசதியுள்ள ஆட்கள் சிங்களவர்கள்தான் என்று நினைத்தோம். பண்டாரவளையில் ஒரு வீடு விலைக்கு இருப்பதாக அவர் கேள்விப்பட்டிருந்தார். அங்கே போய், அந்த வாசலில் தொங்கிய பலகையைப் பார்த்து, துணியில் அளவு போடுவது போல எழுத்துகளை ஒவ்வொன்றாக வரைந்துகொண்டு வந்தார். அதையே சிவப்புப் பெயின்டில் எழுதி எங்கள் வாசலில் மாட்டினார். நான் பலகையில் கை வைத்து, "ஆண்டவரே, இதைப் பார்த்து யாராவது வர வேண்டும்" என்று ஜெபித்தேன்.

யாரும் வரவில்லை. ரயில் சத்தம் கேட்டால் அடுப்பை விட்டுவிட்டு ஓடி வருவேன். இறங்குகிறவர்கள் பலகையை வாசிப்பார்கள், நடையைக் கட்டுவார்கள். உட்கார்ந்தால் மனசு எழும்பச் சொல்லும், எழும்பினால் எங்கே போவது என்று தெரியாது. சோற்றில் உப்பு இரண்டு தரம் விழும்.

இன்னொன்று என்னை அரித்தது. விறகு கொண்டு வருகிறவர், ஸ்டேஷன் போர்ட்டர், பால்காரர், எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கத் தொடங்கினார்கள். "கவதாத யன்னே?" எப்போது போகிறீர்கள்? நம் தமிழ்ச் சனங்களை இந்தியாவுக்கு அனுப்புவதைப் பற்றியே ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. இத்தனை வருஷம் பழகினவர்களும் இப்படிக் கேட்டால் நெஞ்சு எரியாதா? விறகுக்காரர் விறகு கொண்டு வருவதையே நிறுத்திவிட்டார். எங்களைத் துரத்துகிறார்கள் என்றே நினைத்தேன்.

மார்ச் மாதம் பிறந்தது. ஒருநாள் காலை ரூபிக்கு இழுப்பு கடுமையாகிவிட்டது. என் வீட்டுக்காரரோ தைத்த துணி கொடுக்க அம்பேவெலைக்குப் போயிருந்தார். பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு சத்தமாகவே அழுதேன். "ஆண்டவரே, நீர் கேட்கிறீரா இல்லையா? ஒரேயொரு ஆளை இந்தப் படியேற்றிவிடும்" என்றேன். ஜெபமா சண்டையா என்று எனக்கே தெரியவில்லை.

கதவு தட்டும் சத்தம். தலையில் துவாய் கட்டிய ஒரு சிங்கள அம்மா நின்றார்.

"நங்கி, இந்த வீட்டை வாங்கினது யார்? அவங்ககிட்ட ஒரு அறை வாடகைக்குக் கேக்கணும்" என்று தங்கச்சி முறை சொல்லிச் சிங்களத்தில் கேட்டார்.

"இன்னும் யாரும் வாங்கலையே, அக்கே."

"அப்புறம் ஏன் 'விக்குணலா'ன்னு எழுதி மாட்டியிருக்கீங்க?"

விக்குணலா. விற்றாயிற்று. பண்டாரவளை வீடு என் வீட்டுக்காரர் போவதற்கு முன்பே விலைபோயிருக்கிறது! வந்தவர்கள் எல்லாரும் ஏன் போனார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. அக்கம்பக்கத்தார் எங்களைத் துரத்தவும் இல்லை, வீடு விற்றவர்களிடம் கேட்பதைத்தான் கேட்டிருக்கிறார்கள். காலி செய்கிறவர்களுக்கு விறகு எதற்கு என்றுதான் விறகுக்காரரும் நிறுத்தியிருக்கிறார். நான் சிரித்தேன், அழுதேன். அந்த அம்மா பயந்தே போனார்.

உள்ளே ரூபி மூச்சுக்குத் திணறினாள். ஏன் விற்கிறீர்கள் என்று அவர் கேட்டார். தரகர் சொன்னது ஒரு கணம் நினைவுக்கு வந்தது. ஆனாலும் பிள்ளையைக் காட்டி உள்ளதைச் சொன்னேன். கூரை ஒழுகும் மூலையையும் காட்டினேன். அவர் துவாயை அவிழ்த்து அடுப்பில் சூடாக்கி ரூபியின் முதுகில் வைத்தார். மூச்சு மெல்ல மெல்லத் தணிந்தது.

"ஒழுகுற இடத்த விக்கிறவங்களே காட்டி நான் பாத்ததில்ல" என்றார் அவர். "எங்களுக்குத் தோட்டம் போரலந்தைப் பக்கம். குளிர் பழக்கம்தான். உருளைக்கிழங்க ரயிலேத்த ஸ்டேஷன் பக்கத்துல இடமில்லாமத்தான் அலையுறோம். வாடகை வேணாம், வீட்டையே வாங்கிக்கிறோம். எங்க ஆளக் கூட்டிட்டு வாறேன்."

சொன்னபடியே கணவரோடு வந்தார். மார்ச் மாதம் முடிவதற்குள் விற்பனை உறுதிப் பத்திரம் எழுதி முடிந்தது. சாவியைக் கொடுத்த அன்று, விறகை நிறுத்தியிருந்த அந்த விறகுக்காரர் ரூபிக்கு ஒரு பை பேரிக்காய் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். அவரைப் பற்றி நினைத்ததற்கெல்லாம் வெட்கப்பட்டேன்.

இப்போது மாத்தளையில் ரூபி ஓடி விளையாடிவிட்டு வந்து மூச்சு வாங்குகிறாள். இழுப்பில்லை, ஓடிய களைப்பு. அந்த மூச்சைக் கேட்கும்போதெல்லாம் ஸ்தோத்திரம் தானாக வாயில் வருகிறது.

பலகையை அடுப்பில் போடலாம் என்றார் என் வீட்டுக்காரர். நான் விடவில்லை. தையல் மெஷினுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். பதில் வரவில்லை என்று கலங்கி நிற்கிற யாராவது இங்கே இருந்தால் எங்கள் வீட்டுக்கு வந்து அதைப் பாருங்கள். "ஆளை அனுப்பும், ஆளை அனுப்பும்" என்று நான் அழுத நாளெல்லாம், விற்றாயிற்று என்று என் வாசலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை.