மீடியம் சைஸ்

தென் லண்டனில் ஒரு தொழில்முறை உதைபந்தாட்டக் கழகத்தில் நெடுங்காலம் கிட் ரூம் பார்த்தேன். விளையாட்டு உடுப்புகளுக்குப் பொறுப்பான வேலை. சைஸ் பிழைத்தால் திட்டு எனக்குத்தான். அதனால் ஆளின் முகத்தை மறந்தாலும் சைஸை மறக்கமாட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இரண்டாம் அணிக்குக் கோச் வேலை காலியானது. அதைச் சில மாதங்களாகத் தற்காலிகமாகப் பார்த்துவந்தவர் கிளைவ். எங்கள் கழகத்துக்கே பல வருடம் விளையாடிய கறுப்பினத்தவர். நல்ல உயரம், அகன்ற தோள், டபுள் எக்ஸெல். வியாழக்கிழமை இன்டர்வியூ. வேலை அவருக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலை மனேஜர் வந்தார். ஆங்கிலத்தில்தான் சொன்னார். எனக்கு இப்போது தமிழாகத்தான் ஞாபகம் வருகிறது.

"புதுக் கோச்சுக்கு மூண்டு டிராக்சூட் ஓர்டர் போடும். மீடியம்."

"கிளைவுக்கு மீடியம் காணாதே, சேர்."

"மீடியம் எண்டு எழுதும்."

எழுதினேன். பிறகுதான் உறைத்தது. இன்டர்வியூ வைக்கமுதலே ஆளை எடுத்துவிட்டார்களா? இந்த மனேஜர் ஒருநாளும் நிறத்தைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. கிளைவின் தோளில் கைபோட்டுத்தான் நடப்பார். என் அகதி வழக்குக்காக ஹோம் ஒஃபிஸுக்குக் கடிதம் எழுதித் தந்தவரும் அவர்தான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

உடுப்புத் தோய்க்கும் பிலோமினா அக்காவிடம் கேட்டேன். மன்னார்க்காரி.

"தம்பி, உமக்கு இன்னும் விசா முடிவு வரேல்லை. பேசாமல் இரும்."

வியாழக்கிழமை கிளைவ் கோட் சூட்டோடு வந்து, டை சரியா என்று கேட்டார். சரி என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

வேலை வெளியிலிருந்து வந்த வெள்ளைக்காரர் ஒருவருக்குக் கிடைத்தது. மீடியம் அவருக்கு அளவாக இருந்தது. அவருக்குக் கோச் அனுபவமே இல்லை. ஆனால் தங்கமான மனிதர். அதுவும் என்னைக் குழப்பியது.

அடுத்த வாரம் கிளைவ் கிட் ரூம் கதவைச் சாத்திவிட்டு நின்றார்.

"வெள்ளிக்கிழமை காலமையே அவருக்கு உடுப்பு ரெடியா இருந்தது. எப்ப ஓர்டர் போட்டனீர்? ஓர்டர் கொப்பி தந்தீரெண்டால் ட்ரைபியூனலிலை வழக்குப் போடுவன்."

"தேடிப் பாக்கிறன்," என்றேன்.

திகதி போட்ட கார்பன் கொப்பி என் சட்டைப் பையிலேயே இருந்தது. எதற்கென்று தெரியாமல், ஓர்டர் போட்ட அன்றே புத்தகத்திலிருந்து கிழித்து வைத்திருந்தேன். கிளைவ் இன்னொரு தரமும் கேட்டார். அதையே சொன்னேன். பிறகு கேட்கவில்லை. கையில் ஆதாரம் இல்லாததால் வழக்கும் போடவில்லை. பஸ் ஓட்டப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு விசா கிடைத்தது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். மனேஜர் நல்லவரா கெட்டவரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அது தெரிந்த பிறகு கொடுக்கலாம் என்றுதான் கிளைவ் கேட்டபோதும் கொப்பியைக் கொடுக்காமல் வைத்திருந்தேன். அதில் எழுதியிருந்தது ஒரு திகதியும் ஒரு சைஸும் மட்டும்தான். அதைக் கொடுக்க எனக்கு வேறெதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை.