மணிக்கட்டில் இருந்த ‘வெளியே’ பொத்தான்

தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் பழகுகிறவர்களுக்காக, ஹெட்செட் மாட்டிப் பழகும் விஆர் பயிற்சி ஒன்றை நானும் ஜெனிட்டாவும் செய்துகொண்டிருந்தோம். கல்லூரியிலிருந்தே ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். புரோகிராம் அவள் பொறுப்பு, மெனு என் பொறுப்பு.

முதலில் மெனுவை முகத்துக்கு நேரே மிதக்கவிட்டேன். தலையைத் திருப்பினால் அதுவும் கூடவே வந்தது, குமட்டியது. பல தடவை வாந்தியெடுத்த பிறகு அதை இடது மணிக்கட்டுக்கு மாற்றினேன். வாட்ச் பார்ப்பதுபோல் கையைத் திருப்பினால் மெனு விரியும். அதில் எல்லாவற்றையும்விடப் பெரிதாக ‘வெளியே’ என்றொரு பொத்தான்.

“ஏளா, வெளிய போறதுக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய பட்டன்?” என்று ஜெனிட்டா சிரித்தாள்.

“தலை சுத்துதவன் அதத் தேடிக்கிட்டு நிக்கக் கூடாதுல்லா” என்றேன்.

அதிகாரிகளுக்குக் காட்டும் நாளில் ஹெட்செட்டை நான்தான் மாட்டிக்கொண்டேன். மெனுவைத் திறந்ததும், நான் காண்பதை வெளியே திரையில் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், “நல்லாருக்கே. யார் யோசனை?” என்று கேட்டார்.

ஜெனிட்டா தயங்கவே இல்லை. “என் யோசனைதான் சார். இவ சும்மா மாட்டிப் பாத்துச் சொல்லுவா.”

ஹெட்செட் மாட்டியவளுக்கு வெளியில் நிற்பவர்கள்தான் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். காது நன்றாகவே கேட்கும். அது அவளுக்கும் தெரியும். நான் வாய் திறக்க மாட்டேன் என்பதும் தெரியும்.

பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அழுத்தாமல், எதிரே தெரிந்த பொய்க்கடலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வருவதைச் சுலபமாக்கத்தான் அத்தனை பாடுபட்டேன். வெளியே யார் நிற்பார்கள் என்று யோசித்ததே இல்லை.