வைரவருக்கு முந்தி அங்கே ஒரு பெட்டி இருந்தது

நரை வந்த பிறகு ஒரு மனிதன் ஒளித்துப் பிடித்து விளையாடத் தொடங்கினால், மானத்தைக் காப்பாற்ற அதற்கு ஒரு ஆங்கிலப் பெயர் தேவைப்படும். எனக்கு ஜியோகாஷிங் கிடைத்தது. விஷயம் சின்னது. உலகத்தின் ஏதோவொரு மூலையில் யாரோ ஒரு பெட்டியை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இணையத்தில் போட்டுவிடுவார். மற்றவர்கள் கைபேசியைப் பார்த்துப் பார்த்து நடந்து, பெட்டியைத் தேடியெடுத்து, உள்ளே கிடக்கிற கொப்பியில் பெயர் எழுதவேண்டும். உள்ளேயிருந்து ஒரு சாமானை எடுத்தால் பதிலுக்கு ஒன்றை வைக்கவேண்டும். பிறகு இருந்தமாதிரியே மூடிவைத்துவிட்டு வரவேண்டும். பரிசு கிடையாது. வெயில் உண்டு, முள் உண்டு, நாய் உண்டு.

வீட்டில் இருக்கத் தெரியாத ஆள் நான். காற்று வந்து படலையைத் தட்டினால் காற்றோடு எழும்பிப் போய்விடுவேன் என்று ஒருமுறை எழுதினேன். மனைவி வாசித்துவிட்டு, "காத்தோடை போறதெண்டாலும் வரேக்கை மரக்கறி வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றாள்.

இந்த விளையாட்டுக்கு ஒழுக்கம் உண்டு. காணிக்காரரிடம் கேட்காமல் பெட்டி வைக்கக்கூடாது. மண்ணைத் தோண்டக்கூடாது. முக்கியமாக, தேடும்போது விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களின் கண்ணில் படக்கூடாது. இதை எழுதியவர்கள் எந்தத் தேசமோ தெரியாது, யாழ்ப்பாணம் இல்லை. இங்கே ஆளில்லாத காணி உண்டு. கண்ணில்லாத வேலி கிடையாது.

பருத்தித்துறையில் அதைப் படித்தேன். கடற்கரையோரம் ஒரு இடிந்த மதிலின் கல்லிடுக்கில் பெட்டி இருப்பதாகக் கைபேசி சொன்னது. நான் குனிந்து ஒவ்வொரு இடுக்காகக் கைவிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் நிமிர்ந்தார்.

"என்ன அண்ணை, என்னத்தைத் துலைச்சிட்டியள்?"

"ஸ்கூட்டர்த் திறப்பு" என்று வாய் சொல்லிவிட்டது. 

வலையை அப்படியே போட்டுவிட்டு எல்லாரும் எழும்பி வந்தார்கள். ஒருவர் மதிலில் ஏறினார். ஒருவர் வாய்க்காலுக்குள் இறங்கித் தவழ்ந்தார். இன்னொருவர், "திறப்பு இல்லாட்டிலும் பறவாயில்லை, பூட்டை உடைச்சுத் தாறன், ஸ்கூட்டர் எங்கை?" என்று கல்லோடு நின்றார். திறப்பு என் காற்சட்டைப் பையில் தொடையைக் குத்திக்கொண்டிருந்தது. கடைசியில் ஒருவரும் பாராத நேரம் அதை நானே மணலில் போட்டேன். கண்டெடுத்த மனிதர் துள்ளினார். அப்படி ஒரு சந்தோசத்தை நான் எந்தப் பெட்டியைத் திறந்தும் அடைந்ததில்லை. பெட்டி இன்னும் அந்த மதிலுக்குள்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் போக வெட்கம்.

நெல்லியடியில் எனக்கு ஒரு சகபாடி இருக்கிறார். வங்கியில் வேலை. இந்த விளையாட்டின் சட்டதிட்டங்களைத் தேவாரம்போலப் பாடமாக்கி வைத்திருப்பவர். கதையைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்.

"ஐசே, ஆரும் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடும். எங்கடை ஊரிலை கும்பிடுறவனை ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம்."

அது உண்மையாகவே வேலைசெய்தது. மரத்தடியோ, கல்லோ, மதகோ, எதன் முன்னாலும் கைகூப்பி நிற்கிறவனைப் பார்த்தால் சைக்கிளில் போகிறவர் தானும் ஒரு கையை நெஞ்சில் வைத்துவிட்டுப் போவார். கோயிலுக்குள் கடைசியாக எப்போது கும்பிட்டேன் என்று நினைவில்லாத நான், அந்த வருசம் தெருவெல்லாம் கும்பிட்டேன்.

பிறகு எனக்கும் ஒரு பெட்டி வைக்க ஆசை வந்தது.

அச்சுவேலிக்கு இந்தப் பக்கம், என் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, வெங்காயத் தோட்டங்களுக்குப் போகிற பாதையின் வாசலில் ஒரு வேம்பு நின்றது. வேர் இரண்டு பிரிந்து, நடுவே உள்ளங்கை அளவில் ஒரு பொந்து. சாப்பாட்டுப் பெட்டி ஒன்றுக்குப் பச்சை நாடா சுற்றி உள்ளே வைத்து, முன்னால் ஒரு தட்டைக் கல்லைச் சாத்தினேன். யாரைக் கேட்பது? மரம் வேலிக்கு உள்ளேயும் இல்லை, ஒழுங்கைக்கு நடுவிலும் இல்லை. பொதுமரம் என்று முடிவெடுத்தேன். வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்காகத் தலைமுறையாய்க் கதைக்காமல் இருக்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவன் எடுத்த முடிவு இது.

இணையத்தில் அந்த வேம்பைப் பற்றி நான் எழுதியது நீளம். செம்மண், நிழல், கசப்பு, காலம், எல்லாம் வந்தன. கடைசியில் ஒரு குறிப்பு: "கும்பிடுவதுபோல நில்லுங்கள், கை தானாகத் தேடும்." முதலில் கண்டுபிடித்தவர் எழுதிய பதில்: "பெட்டி கிடைத்தது. மரம் நல்லது. எழுத்துக் கூடிப்போச்சு."

வந்தார்கள். வெளிநாட்டில் பிறந்து விடுமுறைக்கு வந்த எங்கள் பிள்ளைகள், கொழும்பிலிருந்து ஒரு சோடி, வெயிலில் நண்டாய்ச் சிவந்த ஒரு வெள்ளைக்காரர். எல்லாரும் குறிப்பை மதித்தார்கள். எல்லாரும் கும்பிட்டார்கள்.

பெட்டி வைத்தவர் மழைக்குப் பிறகு போய்ப் பார்க்கவேண்டும் என்பதும் ஒழுக்கம். போனேன். தட்டைக் கல்லில் சந்தனப் பொட்டு. எனக்குப் புல்லரித்தது. வீட்டுக்கு ஓடிவந்து அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அடுத்த முறை போனபோது கல்லுக்குச் சிவப்புத் துணி. அதற்கடுத்த முறை, யாரோ ஒரு சூலத்தை நட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் மரத்தடியில் சூலம் நட்டால் வைரவர் வந்துவிட்டார் என்று அர்த்தம். மேலே தகரக் கூரை, கீழே விளக்கு. அன்றைக்குப் புல்லரிக்கவில்லை. கொஞ்சம் பயமாயிருந்தது.

திரும்பும்போது தோட்டக்காரர் கைகாட்டி மறித்தார். அந்தப் பாதை போய்ச் சேர்கிற தோட்டம் அவருடையது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பல்லுக்குச்சியும் வாயுமாய் நின்றார்.

"தம்பி, நீர் எழுதுறனீர். நாலு பேர் கேப்பினம். உந்தச் சனத்துக்கு ஒருக்காச் சொல்லும்."

"என்ன அண்ணை?"

"உது என்ரை மரம். காணி உறுதியிலை கிடக்கு. இந்தப் போகத்துக்கு முந்தித் தறிச்சுப் பாதையை அகட்டுவம் எண்டு இருந்தனான். லொறி திரும்பாது. திரும்பாட்டி யாவாரி உள்ளுக்கு வரமாட்டான், அடுத்த தோட்டத்துக்குப் போயிடுவான். வெங்காயத்துக்குத் தாள் சாயத் தொடங்கீட்டுது, பிடுங்கவேணும். மழை வந்தால் எல்லாம் அழுகல். மரம் தறிக்கிறவனைக் கூட்டியந்தால் சூலத்தைக் கண்டிட்டுக் கோடாலியைத் தோளிலை போட்டுக்கொண்டு போறான்."

நான் மரத்தைப் பார்த்தேன். மரம் என்னைப் பார்க்கவில்லை.

"எங்கையிருந்து வந்தவரோ தெரியாது இந்த வைரவர்" என்றார். "வெள்ளைக்காரரெல்லாம் வருகினம். ஒருத்தன் சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத் தலைகீழாக் குனிஞ்சு கும்பிட்டான். பின்பக்கம் மட்டும்தான் தெரிஞ்சுது. அவ்வளவு பக்தி."

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். "பாப்பம் அண்ணை" என்று சொல்லிவிட்டு நெல்லியடிக்கு ஓடினேன்.

சகபாடி சட்டம் படித்தார். "காணிக்காரருக்கு இடைஞ்சல் எண்டால் பெட்டியை உடனை எடுக்கவேணும். இணையத்திலையும் மூடவேணும்."

"பெட்டியை எடுக்கலாம். வைரவரை எப்பிடி எடுக்கிறது?"

"அதுக்குச் சட்டம் இல்லை" என்றார். பிறகு பொறுக்கமுடியாமல், "ஐசே, பெட்டி வைச்சுச் சாமி வந்த ஆள் உலகத்திலை நீர் ஒருத்தர்தான்" என்று சிரித்து, தேநீர் மூக்கில் ஏறி, இருமினார். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை வந்ததைச் சொல்லத்தான் வேண்டும். 

வானம் வடகிழக்கில் கறுத்துக்கொண்டு வந்தது. அடுத்தநாள் தோட்டக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அட்சரேகையிலிருந்து தொடங்கினேன். அவர் பாதியில் கையைக் காட்டினார்.

"பொறும். நீர் ஒரு பெட்டியை ஒளிப்பீர். வேறை ஆக்கள் வந்து எடுப்பினம். எடுத்திட்டுத் திரும்ப அங்கையே வைப்பினம்."

"ஓம் அண்ணை."

"பிறகு?"

"பிறகு ஒண்டுமில்லை அண்ணை."

சாரத்தை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். "வெள்ளிக்கிழமை பின்னேரம் சனம் வரும். உதை அவையளுக்குச் சொல்லும். எனக்கு விளங்கேல்லை, ஆனால் சொல்லும்."

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். முன்னுக்கு நின்றவர் ஒழுங்கை முகப்பில் சின்னக் கடை வைத்திருக்கிற அக்கா. வைரவர் வந்த பிறகு கற்பூரமும் ஊதுபத்தியும் நல்லாய் ஓடுகிற கடை. நான் தொண்டையைச் செருமி, மனித மனம் தேடலால் ஆனது என்று ஆரம்பித்தேன். ஒரு குழந்தை அழுதது. பேச்சை விட்டுவிட்டு, குனிந்து கல்லை நகர்த்திப் பெட்டியை எடுத்துக் காட்டினேன்.

"இது நான் வைச்சது. இஞ்சை வந்த ஆக்கள் எல்லாம் இதைத் தேடித்தான் வந்தவை. கும்பிட்டது சும்மா நடிப்பு."

ஒருவரும் அதிரவில்லை.

"பெட்டி எங்களுக்குத் தெரியும் தம்பி" என்றார் கடைக்கார அக்கா. "கூட்டுறதுக்குக் கல்லை எடுக்கேக்கை கண்டனாங்கள். திறந்து பாருமன்."

திறந்தேன். நான் வைத்த பொம்மைக் கார், யாரோ வைத்த வெளிநாட்டு நாணயங்கள், சாவி வளையம். அவற்றின் நடுவே பத்திரிகைத் துண்டில் மடித்த திருநீறு, கண்ணாடிக் காப்பு இரண்டு, ஒரு சின்ன வெள்ளித் தொட்டில். ஒரு சாமானும் குறையவில்லை. பச்சை நாடாவை என்னைவிட நேர்த்தியாய்ச் சுற்றியிருந்தார்கள்.

"ஆனால் அக்கா, இதை வைச்சது நான்."

"ஓம், வைச்சது நீர். வைக்கச் சொன்னது ஆர்?"

நான் பெட்டியை மூடி நாடாவைச் சுற்றினேன். அவர்கள் சுற்றிய நேர்த்தி வரவில்லை.

அப்போது தோட்டக்காரர் முன்னுக்கு வந்தார். கோபப்படவில்லை. "பிள்ளையள், நான் சாமிக்கு எதிரி இல்லை. என்ரை வெங்காயம் நிலத்திலை கிடக்கு. வானத்தைப் பாருங்கோ" என்றார். எல்லாரும் பார்த்தார்கள். எல்லாருக்கும் தோட்டம் இருந்தது.

"அப்ப பூக்கட்டிப் பாப்பம்" என்றார் அக்கா. "வெள்ளை வந்தால் அவர் இடம் மாறச் சம்மதம். சிவப்பு வந்தால் இருந்திட்டுப் போகட்டும்."

வேலியில் ஒரு நந்தியாவட்டை, ஒரு செவ்வரத்தை. இரண்டையும் தனித்தனியே பூவரசம் இலையில் பொட்டலமாய்க் கட்டி, குலுக்கிச் சூலத்தடியில் போட்டார்கள். வழக்கமாய் ஒரு குழந்தைதான் எடுக்கும். "வைச்ச கையே எடுக்கட்டும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சனம் ஓம் என்றது.

இரண்டு பச்சைப் பொட்டலம். ஒரே அளவு, ஒரே முடிச்சு. கைபேசிக்கு வழிசொல்லுகிற எந்தச் செய்மதியாலும் இதைக் காட்டித் தரமுடியாது. பக்கத்தில் தோட்டக்காரரின் மூச்சு கேட்டது. நான் கண்ணை மூடினேன். இந்த மரத்தடியில் முதல்முதல் கும்பிட்டு நடித்தவன் நான். அன்றைக்கு, நானே கொண்டுவந்துவிட்ட சாமியிடம், வெள்ளை தா, வெள்ளை தா, இந்த மனிதனைக் காப்பாற்று, என்னையும் சேர்த்துக் காப்பாற்று என்று கெஞ்சினேன்.

எடுத்தேன். அக்கா பிரித்தார். வெள்ளை.

தோட்டக்காரர் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். வியர்வை துடைத்தார் என்று வைத்துக்கொள்வோம்.

"சரி, எங்கை மாத்துறது?" என்று ஒருவர் கேட்டார். ஒவ்வொருவரும் தங்கள் வேலியை மனதில் பார்த்துக்கொண்டார்கள் போலும், ஒரு வேலியும் வாய்க்கவில்லை. பிறகு எல்லா முகமும் மெல்ல என் பக்கம் திரும்பியது.

சூலம் எதிர்பார்த்ததைவிடப் பாரம். ஸ்கூட்டரில் ஏற்றினால் மரியாதையில்லை என்று நடத்திக்கொண்டு வந்தார்கள். முன்னால் சேமக்கலம் அடித்துக்கொண்டு ஒருவர், நடுவில் சூலத்தோடு நான், பின்னால் தகரக் கூரை. படலையடியில் மனைவி.

"இஞ்சேருங்கோ, மரக்கறியோ?" என்று கேட்டாள். நான் சுமந்தது என்னவென்று இருட்டில் அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகு அவள் சொன்னதை வைரவர் முன்னிலையில் எழுதமுடியாது.

அடுத்தநாள் வேம்பைத் தறித்தார்கள். நான் போய் நின்றேன். அதைப் பற்றி அவ்வளவு எழுதியிருந்தும், உள்ளே அத்தனை சிவப்பு இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வெட்டுவாயிலிருந்து வந்த கசப்பு மணம் ஒழுங்கை முழுக்க நின்றது. யாரும் கவலைப்படவில்லை, கவலைப்பட நேரமும் இல்லை. வேரைக் கிளப்பி, பள்ளத்தை மூடி, அந்த வாரமே லொறி வந்தது. ஒரே வெட்டில் திரும்பி உள்ளே போனது. மூட்டைகள் ஏறிமுடிய, முதல் தூறல் தார்ப்பாயில் விழுந்தது.

தோட்டக்காரர் என் கையில் ஒரு பிடி வெங்காயத்தைத் தாளோடு திணித்தார்.

"வைரவருக்குக் கொண்டுபோய்ப் படையும்."

"அண்ணை, வெங்காயம் படைக்கிறேல்லையே."

"அப்ப என்ன, நீரே தின்னும். ஆனால் வெள்ளிக்கிழமை வடைமாலை போடவேணும், மறக்காதையும். நானும் மனிசியும் வருவம்."

"வெள்ளிக்கிழமை நான் ஒரு அலுவலாய் மன்னார்ப் பக்கம்..."

"ஒரு இடமும் போகேலாது" என்றார், லொறியின் பின்பலகையில் தட்டிப் போகச் சொல்லிக்கொண்டே. "கோயில் வைச்சிருக்கிற ஆள்."