மண்டோரின் வெள்ளைக் கோட்டு

பக்கிரிசாமி மண்டோர் கோட்டைப் பிழிவதில்லை. பிழிந்தால் சுருக்கம் விழும். பக்கெட்டிலிருந்து இரண்டு விரல்களால் தூக்கி, சொட்டச் சொட்டக் கொடியில் போட்டுவிட்டு மனைவியைக் கூப்பிடுகிறார்: "பாத்தியா, கொக்குச் செறகு மாதிரி!" அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். பிளீச்சிங் பவுடரின் நெடி அப்படி.

நடப்பது 1944, ஜப்பான்காரன் ஆட்சி. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கூலிகளின் லய வீடுகளில் ஆண்கள் கோணிச் சாக்கைத் தைத்து இடுப்பில் கட்டியிருக்கிறார்கள். பாமாயிலையும் சாம்பலையும் கலந்து உருட்டிய ஏதோ ஒன்றுக்குச் சோப்பு என்று பெயர். அந்த இடத்தில் ஒரே ஒரு மனிதர் பாலில் முக்கி எடுத்தவரைப் போல நடமாடுகிறார் என்றால், பார்ப்பவர்கள் வியந்துதான் போவார்கள். வியப்பதற்கு முன் அந்த வெண்மை எங்கிருந்து வந்தது என்று கேட்கிற வழக்கம்தான் நம்மவர்களுக்கு இல்லை.

லயத்தின் பொதுக் குழாயும், அதற்கு மேலே நிற்கும் இரும்புத் தொட்டியும் மண்டோரின் பொறுப்பு. சண்டைக்கு முன்னால் அவர் வால்வு திறந்து மூடுகிற ஆள். மேலே இருந்த வெள்ளைக்காரர்கள் கப்பலேறி ஓடியபோது மண்டோர் என்கிற மேஸ்திரிப் பதவி அவர் தலையில் வந்து விழுந்தது. ஊருக்குப் பெரிய குழாயில் கலக்கும் மருந்து தீர்ந்துபோய் மாதங்கள் ஆகின்றன. அதனால் ஒவ்வொரு தொட்டிக்கும் வாரம் ஒரு டின் பிளீச்சிங் பவுடரைத் தண்ணீர் ஆபீசில் அளந்து கொடுக்கிறார்கள். காலையில் ஒரு பால்டின் அளவு எடுத்துக் கரைத்துத் தொட்டியில் ஊற்ற வேண்டும்; 'மருந்து போடப்பட்டது' என்று புத்தகத்தில் எழுத வேண்டும். இரண்டாவது வேலையை அவர் ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை.

எல்லாம் ஓர் அறையால் வந்தது. செந்தூல் தொட்டியைப் பார்த்துக்கொண்ட சின்னையா அழுக்குச் சட்டையோடு நின்றார் என்று சோதனைக்கு வந்த ஜப்பான் அதிகாரி கை ஓங்கிவிட்டான். அறை விழுந்தது சின்னையாவின் கன்னத்தில். வீங்கியது பக்கிரிசாமியின் மூளை. தொட்டிக்குள் எட்டிப் பார்க்க அதிகாரி ஏணி ஏறப் போவதில்லை. கோட்டைத்தான் பார்ப்பான். ஆகவே மருந்தைக் கோட்டுக்குப் போட்டார். தொட்டிக்கு என்ன போட்டார்? வேப்பிலை. கொத்துக் கொத்தாக ஒடித்துப் போட்டு, மேலே மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அது ஊறி, அழுகி, கஞ்சி போலக் கீழே படிந்து கிடக்கிறது.

அவரிடம் இதற்குத் தத்துவமும் உண்டு. "அம்பாங் மலைத் தண்ணி லா இது, தீர்த்தம். வெள்ளைக்காரன் மருந்தக் கலந்து கலந்து நம்ம ஒடம்பக் கெடுத்துட்டான்." பிள்ளைகளுக்குக் கழிச்சல் கண்டால், "ஆத்தா வெளையாடுறா, கூழ் ஊத்துங்க" என்பார். கூழ் கரைப்பதும் அந்தத் தண்ணீரில்தான். இவர் ஊரை ஏய்த்துவிட்டுத் தான் மட்டும் தப்பிக்கிற கெட்டிக்காரர் என்று நினைக்க வேண்டாம். அந்த அளவுக்கு மூளை இருந்தால் இந்தக் கட்டுரையே வேண்டியதில்லை. அவரும் அதைத்தான் குடிக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக்கும் கக்கூசுக்குமாக நடக்கிறார். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று இடுப்பில் தாயத்துக் கட்டியிருக்கிறார்.

லயத்துக் கடைசி வீட்டில் இராஜம்மா இருக்கிறாள். புருஷனைச் சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தை மாதம் மூத்த பையன் வயிற்றுப்போக்கில் செத்தான். இப்போது மூன்று வயதுப் பெண் அதே படுக்கையில் கிடக்கிறது. வந்து பார்த்த ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வாசு, "தண்ணியக் கொதிக்க வச்சுக் குடுங்க அக்கா" என்றான். அடுப்பில் வைக்க விறகில்லை என்றாள். "அப்ப மருந்து கலந்த தண்ணியாப் பாத்துக் குடுங்க. கலந்திருந்தா மூக்குல ஏறும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலை அவள் குழாயடியில் பக்கெட்டை நிரப்பிக் குனிந்து மோந்தாள். ஒன்றும் ஏறவில்லை. வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்ற மண்டோரிடம் திரும்பினாள்.

"அண்ணே, மருந்து போட்டீங்களா?"

"போட்டாச்சு தங்கச்சி. புக்குல எழுதியிருக்கு, வேணும்னா பாத்துக்க."

"புக்கக் கரைச்சா எம்புள்ளைக்கு ஊத்தறது?"

சொல்லிவிட்டு அவர் கைப்பக்கம் குனிந்து கோட்டின் விளிம்பை மோந்தாள். நிமிர்ந்தபோது கண்ணில் நீர் வந்திருந்தது. நெடியாலா, வேறெதனாலா என்று யாரும் கேட்கவில்லை. "தண்ணியில வரவேண்டிய வாசனை ஒங்க கோட்டுலல்ல வருது!"

வரிசையில் நின்ற பழனியப்பன் தன் காலி டின்னைத் தட்டினார். "அப்ப மண்டோரப் புழிஞ்சு குடிச்சிருவோம் லா! ஆளுக்கொரு டம்ளர் தேறும்."

சிரிப்பு எழுந்தது. மண்டோரின் முகம் கறுத்தது. "நாளைக்கு ஜப்பான்காரன் வாரான், தெரியுமா ஒங்களுக்கு? அழுக்கா நின்னா அறைவான். அந்த அறைய நீங்களா வாங்குவீங்க?"

"நான் வாங்கிக்கிறேன்" என்றாள் இராஜம்மா. "அறை வாங்குன கன்னம் ரெண்டு நாள்ல சரியாயிரும் அண்ணே. போன புள்ள வரல."

மண்டோர் வீட்டுக்குள் போனார். வரும்போது கையில் பவுடர் டின் இருந்தது. வரிசை விலகி ஏணிக்கு வழிவிட்டது. பழனியப்பன்கூட ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

மண்டோர் ஏணியடியில் நின்று டின்னைத் திறந்து பார்த்தார். அடியில் இரண்டு கைப்பிடி கிடந்தது. தொட்டிக்கு ஒரு நாளைக்குத் தாங்கும். அல்லது கோட்டுக்கு இன்னும் ஒரு முறை. அவர் ஏணியை அண்ணாந்து பார்த்தார். தன் மார்பைக் குனிந்து பார்த்தார். இரண்டாம் பொத்தானுக்குக் கீழே மஞ்சள் தண்ணீர் தெறித்த கறை, பட்டாணி அளவில் இருந்தது.

பிறகு திருநீறு கொடுக்கும் பூசாரியைப் போலக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு சிட்டிகை எடுத்து இராஜம்மாவின் பக்கெட்டில் தூவினார். "புள்ளைக்குன்னு தனியாக் குடுத்திருக்கேன், போ." பின்னாலிருந்து ஏழெட்டு வாளிகள் ஒன்றாக நீண்டன. அவர் டின்னை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டார். விரல்களில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதை வீணாக்க மனமில்லாமல், எச்சிலில் நனைத்து, இரண்டாம் பொத்தானுக்குக் கீழே கவனமாகத் தேய்த்தார்.