நனையாத திரி

போன வாரம் தங்கைக்குச் சேலை எடுக்கத் திருநெல்வேலி டவுனுக்குப் போயிருந்தோம். கடைக்காரர் புதுத்துணியை உதறி விரித்ததும் கஞ்சி வாடை குப்பென்று அடித்தது. மற்றவர்களுக்கு அது பண்டிகை வாடை. எனக்கோ கடற்கரைத் தகரக் கொட்டகை ஒன்று கண்முன் வந்து நின்றது. பல வருஷத்துக்கு முன் ஒரு நாள் காலை அதற்குள் இருந்தது மூன்று பேர்: நான், ரேடார் திரையைப் பார்க்கும் அந்தோணி, மீன்பிடிக்கிற மிக்கேல் அண்ணன். இல்லாததும் மூன்று பேர். எங்கள் அதிகாரி ஊருக்குப் போயிருந்தார். மிக்கேலின் தம்பி ததேயுவும், ததேயுவின் மச்சினன் சூசையும் எஞ்சின் நின்றுபோன வள்ளத்தோடு கடலில் கிடந்தார்கள்.

என் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். தினமும் காலையில் கடல்மேல் காற்று எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்று பார்த்து ஒரு பலகையில் எழுத வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குப் பேட்டையில் லேத் பட்டறை வேலை. "எம் மவன் கடல்ல காத்த அளக்குதான்" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். "அளந்து யாருக்கு விக்கப் போறானாம்?" என்று கேட்டாள் எதிர்வீட்டு அக்கா. பதில் எனக்கே சரியாகத் தெரியாது. ஆனாலும் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுவேன்.

விஷயம் இதுதான். மலையைத் தாண்டி வரும் மேல்காற்று திருநெல்வேலிச் சீமையில் காய்ந்து, செம்மணல் தேரிக்காட்டில் இன்னும் காய்ந்து, கடலுக்கு வரும்போது அடுப்பு அனலாக இருக்கும். கீழே தண்ணீரை ஒட்டி ஈரம், மேலே வறட்சி. இரண்டுக்கும் நடுவில் ரேடார் அலை மாட்டிக்கொள்ளும். வாய்க்காலில் விட்ட தண்ணீர் மாதிரி மேலே போகாமல், கடலை ஒட்டியே வெகுதூரம் ஓடும். நாங்களும் அதை வாய்க்கால் என்றுதான் சொல்வோம். வாய்க்கால் இருக்கிற நாளில் எங்கேயோ தொலைவில் போகிற கப்பலில் பட்டுக்கூடப் பதில் வரும். ஆனால் அது வந்து சேர்வதற்குள் ரேடார் அடுத்த அலைத்துடிப்பை அனுப்பியிருக்கும். தாமதமாக வந்த பதிலை அது புதுத் துடிப்பின் கணக்கில் சேர்த்து, ஏதோ பக்கத்தில் நிற்கிறது என்று காட்டிவிடும். அதனால்தான் அந்தப் பலகை. வாய்க்கால் இருந்தால் 'நம்பாதே' என்று எழுதுவேன். இல்லையென்றால் 'சரி'.

அளக்க இரண்டு வெப்பமானி. ஒன்று சும்மா தொங்கும். இன்னொன்றின் குமிழில் துணித்திரி சுற்றி, திரியின் நுனியைத் தண்ணீர்க் குப்பிக்குள் விட்டிருக்கும். காற்று காய்ந்திருந்தால் ஈரத்திரி குளிரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துக் கணக்கு. வித்தியாசம் இல்லையென்றால் காற்று ஈரம், வாய்க்கால் இல்லை.

அந்த வாரம் திரித்துணி தீர்ந்துபோயிற்று. பேட்டைக் கடையில் மல் துணி வாங்கி அம்மாவிடம் கிழித்துத் தரச் சொன்னேன். ஓரத்தில் மஞ்சள் தடவிக் கொடுத்தாள். "நனைச்சுராதலே. கோடித்துணிய நனைக்காம எடுத்துட்டுப் போ. நல்ல காரியத்துக்குல்லா!" எனக்குச் சிரிப்பு. விஞ்ஞானத்துக்கு மஞ்சளா? கத்தரியை எடுத்து மஞ்சள் பட்ட ஓரத்தை மட்டும் கவனமாக வெட்டிப் போட்டேன். புதுத்துணியைச் சோடா போட்டு வேகவைத்துக் கஞ்சியை எடுக்க வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. படித்திருந்தேன். செய்யாமல் அப்படியே குமிழில் சுற்றிவிட்டேன்.

மறுநாள் எட்டு மணிக்கு மிக்கேல் அண்ணன் ஓடிவந்தார். சூசை போனில் கூப்பிட்டிருக்கிறான். எஞ்சினைச் சரிசெய்யப்போய் ததேயுவுக்குக் கையில் ஆழமான வெட்டு, துணி கட்டியும் ரத்தம் நிற்கவில்லை. அதோடு லைன் போய்விட்டது.

"ஏலே, ஒங்க பெட்டியில தெரியுதா பாருங்கலே!"

அந்தோணி திரையைக் காட்டினான். வடகிழக்கில், பதினெட்டுக் கிலோமீட்டரில் ஒரு புள்ளி.

மிக்கேல் ஒத்துக்கொள்ளவில்லை. "மேல்காத்து இப்படி அடிக்கு. நீரோட்டம் தெக்க இழுக்கு. வள்ளம் எப்படிவே வடக்க போவும்?"

அந்தோணி என்னைப் பார்த்தான். நான் பலகையைப் பார்த்தேன். இரண்டு வெப்பமானிக்கும் ஒரு டிகிரிகூட வித்தியாசம் இல்லை. வெளியே காற்று முகத்தைச் சுட்டுக்கொண்டிருந்தது. அதுவாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். "வாய்க்கால் இல்லண்ணே. அது நெசமான புள்ளிதான்" என்றேன்.

மூன்று வள்ளங்கள் வடகிழக்கே போயின. அங்கன ஒன்றும் இல்லை. இரண்டு மணி வரைக்கும் சுற்றிவிட்டு, மிக்கேல் தன் புத்திப்படி தென்கிழக்கே திருப்பினார். ஐந்து மணிக்கு வள்ளம் கிடைத்தது. சூசை உயிரோடு இருந்தான். ததேயுவின் தலை அவன் மடியில் இருந்தது. மூன்று மணிவாக்கில் பேச்சு நின்றுவிட்டது என்றான்.

மறுநாள் காலையில் திரியைத் தொட்டுப் பார்த்தேன். குப்பிக்குள் இருந்த நுனி மட்டும் நனைந்திருந்தது. குமிழைச் சுற்றிய துணி மொடமொடவென்று காய்ந்து கிடந்தது. கஞ்சி தண்ணீரை மேலே ஏறவே விடவில்லை. நான் இரண்டு காய்ந்த வெப்பமானிகளை வைத்துக்கொண்டு கடல் ஈரமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறேன். திரையில் தெரிந்தது எங்கோ தொலைவில் போன கப்பல்.

ஊரிலிருந்து திரும்பிய அதிகாரியிடம் சொன்னேன். "இத எங்கயும் எழுதிராதீரும்" என்றார். எழுதவில்லை. ஆனால் அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மிக்கேல் அண்ணன் வீட்டுக்குப் போய்த் திரியைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வலைக்கயிற்றைப் பைய சுருட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், "காத்து எனக்குத் தெரியும் தம்பி. நீ படிச்ச பையன்னுதான் வடக்க போனேன்" என்றார்.

அந்தக் கொட்டகை இப்போது இல்லை. ரேடாரைக் கழற்றி எங்கோ கொண்டுபோய்விட்டார்கள். ஈரத்தை அளக்கத் திரியில்லாத கருவிகள் வந்துவிட்டன. அந்தோணி மும்பைப் பக்கம் கப்பல் வேலைக்குப் போனான். சூசை கடலுக்கே போவதில்லை. மிக்கேல் அண்ணன் வள்ளத்தை விற்றுவிட்டு வளைகுடாவில் ஏதோ துறைமுகத்தில் கயிறு கட்டுகிறார் என்று கேள்வி.

அவர்களுக்கு ஆன செலவின் கணக்கு என்னிடம் இருக்கிறது. மூன்று வள்ளத்துக்கும் சேர்த்து வடக்கே எரிந்த மண்ணெண்ணெய் தொண்ணூறு லிட்டர். வீணாய்ப் போனது ஐந்து மணி நேரம். ஆள் ஒன்று.